கிளட்சுக்கு வைத்த வேப்பங்கட்டை

மாசிக் கடைசியில் அபிராமத்துப் பக்கம் மழை பெய்யாது. பெய்யக் கூடாது. அந்த நம்பிக்கையில்தான் கண்மாய்க்கு அந்தப் பக்கம் இருக்கிற களத்தில் எங்கள் மிளகாய் முழுவதையும் காயப் போட்டிருந்தேன். இன்னும் இரண்டு வெயில் பட்டால் மூட்டை பிடித்துவிடலாம். அன்று மத்தியானம் மூன்று மணிக்குத் தெற்கே வானம் கறுத்தது.

அது வெறும் வத்தல் இல்லை. என் வீட்டுக்காரர் சவுதியில் லாரி ஓட்டி எட்டு வருஷம் ஆகியிருந்தது. "இந்த வெள்ளாமை மட்டும் ஒழுங்கா வீடு வந்து சேரட்டும், விசாவைப் புதுப்பிக்க மாட்டேன், ஊருக்கே வந்துர்றேன்" என்று பொங்கலன்று போனில் சொல்லியிருந்தார். சொன்ன சொல் மாறாத மனுஷன். ஆகவே அன்று களத்தில் கிடந்தது என் புருஷன்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஊரில் இருந்த டிராக்டர்கள் எல்லாம் அவரவர் களத்துக்குப் பறந்துவிட்டன. கண்மாய்க்குள் சகதி இன்னும் காயவில்லை. அதைக் கடக்க நாலு சக்கரமும் இழுக்கிற எங்கள் பழைய ஜீப்பை விட்டால் வேறு கதியில்லை. எனக்கு ஓட்டத் தெரியும். களத்தில் வேலைக்கு வந்த பெண்கள் வத்தலைக் கூட்டிச் சாக்கில் அள்ளத் தொடங்கியிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி மட்டும் எனக்குத் துணையாக வீட்டுக்கு ஓடிவந்தாள்.

சாவியைத் திருப்பியதும் எஞ்சின் ஓடியது. கிளட்சை மிதித்து முதல் கியரைத் தள்ளினேன். கர்ரென்று பல்லைக் கடித்ததே தவிர விழவில்லை. இரண்டாவதும் விழவில்லை, ரிவர்ஸும் விழவில்லை. இரண்டு கையாலும் தள்ளினேன். திட்டினேன். காது கூசுகிற வார்த்தையெல்லாம் எனக்கு வரும் என்று அன்றுதான் தெரிந்தது. பிறகு அவரைக் கூப்பிட்டேன்.

"பதறாத. எஞ்சினை அமத்து. இப்பப் போட்டுப் பாரு" என்றார்.

போட்டேன். ஒவ்வொரு கியரும் சத்தமில்லாமல் போய் உட்கார்ந்தது.

"அப்பக் கியர்பாக்ஸ்ல ஒண்ணுமில்ல. கிளட்சு பிடிய விடமாட்டேங்குது. ஒண்ணு, கிளட்ச் பிளேட்டு துருவேறி எஞ்சினோட ஒட்டியிருக்கணும். இல்ல, கிளட்ச் ஆயில்ல காத்து ஏறியிருக்கணும். நான் வச்ச கட்டை இருந்துச்சுல்ல?"

அந்தக் கட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். போன தடவை லீவு முடிந்து போகும்போது, கிளட்ச் பெடலை முழுக்க அமுக்கி, அதற்கும் சீட்டுக்கும் நடுவில் ஒரு வேப்பங்கட்டையை முட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். வண்டி சும்மா நிற்கும்போது பிளேட்டு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அது வேண்டுமாம். மூன்று தடவை சொன்னார். "எனக்கு ஒரு தலகாணி வச்சுக் குடுத்ததில்ல, கிளட்சுக்கு முட்டுக் குடுக்கிறீகளாக்கும்" என்று கிண்டல் செய்தேன். ஆயுத பூஜைக்கு முதல் நாள், எங்கள் போர்வெல் தண்ணீரை அடித்து ஜீப்பை மேலும் கீழும் கழுவினேன். அந்தத் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. அப்போது அழுக்கேறிக் கிடந்த அந்தக் கட்டையை உருவிப் போட்டேன். மறுநாள் சுண்டல் வேகும்போது அதையும் அடுப்பில் வைத்தேன். சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் போட்டு நிறுத்திய ஜீப்பை அதற்கப்புறம் நகர்த்தவே இல்லை. பேட்டரிக்காக மாதம் ஒரு தடவை நின்ற இடத்திலேயே ஸ்டார்ட் செய்ததோடு சரி.

"இருந்துச்சுங்க, இப்பத்தான் எடுத்தேன்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. பயமா, வீம்பா? வாய் முந்திக்கொண்டது.

"சரி, அப்பப் பிளேட்டு ஒட்டியிருக்காது. காத்துத்தான். அதை வெளியேத்தணும், ஸ்பேனரை எடுத்துக்கிட்டு அடியில போ."

வைத்தியனிடம் நோயை மறைக்காதே என்பார்கள். நான் மறைத்தேன், அவரோ, இல்லாத நோய்க்கு மருந்து சொல்லிக்கொண்டிருந்தார். ஜீப்புக்கு அடியில் மல்லாந்து படுத்தேன். துணைக்கு வந்தவள் பெடலை மிதித்துப் பிடிக்க, நான் திருகைத் தளர்த்த, ஆயில் என் கன்னத்தில் பீச்சியது. இறுக்கு, மிதி, தளர்த்து. சேலையெல்லாம் ஆயில். ஒரு குமிழிகூட வரவில்லை. எப்படி வரும்? காற்று இருந்தால்தானே! வராது என்று என் மனதுக்கு அப்போதே தெரியும். தெரிந்தே படுத்துக்கிடந்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் போனது. இடி கேட்டது.

"அக்கா, காத்து மாறிருச்சுக்கா" என்று மேலிருந்தவள் அழத் தொடங்கினாள்.

"அவளை மிதிக்கச் சொல்லு. அங்கன ஒரு லீவர் இருக்குல்ல, அது நகருதா?" என்று கேட்டார்.

"நல்லா நகருது."

"லீவர் நகர்ந்தும் விடலைன்னா பிளேட்டுதான் ஒட்டியிருக்கு. கட்டை இருந்தா எப்படி ஒட்டும்?"

இனி ஒளிய இடமில்லை. "கட்டை இல்லைங்க. ஆயுத பூஜைக்கே எடுத்துட்டேன். அடுப்புல வச்சுட்டேன்."

அவர் திட்டியிருக்கலாம். கும்பிட்டுக் கேட்கிறேன், திட்டியிருக்கலாம். "சரி. வெளிய வா" என்றார். "சின்ன லீவரை இழுத்து நாலு சக்கரத்தையும் மெதுவோட்டத்துல போடு. எஞ்சினை அமத்தி ரெண்டாவது கியரைப் போட்டு, கியரோடயே ஸ்டார்ட் பண்ணு. வண்டி குதிச்சுக்கிட்டுக் கிளம்பும், விட்றாத. கிளட்சை மிதிச்ச காலை எடுக்காம, நல்லா முடுக்கி, படக்குனு பிரேக்கை மிதி. பிச்சுக்கிட்டு வரும்."

கிளம்பியது. வேலியோரக் கருவேல முள்ளை அடித்துக்கொண்டு கண்மாய்க்குள் இறங்கியது. பக்கத்தில் உட்கார்ந்தவள் ஒரு கையில் போனையும் ஒரு கையில் என் தோளையும் பிடித்திருந்தாள். முடுக்கினேன், மிதித்தேன். விடவில்லை. திரும்ப முடுக்கினேன், திரும்ப மிதித்தேன். சகதி முகத்தில் அடித்தது. நான் ஜீப்போடு பேசினேன், கெஞ்சினேன், குலசாமியைக் கூப்பிட்டேன். களத்து மேட்டில் ஏறும்போது கடைசியாக ஒரு மிதி மிதித்தேன். அடியில் டப்பென்று ஒரு சத்தம். வண்டி நின்றது, எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"விட்டுருச்சுங்க!" என்று கத்தினேன்.

அவர் பதில் சொல்வதற்குள் முதல் துளிகள் ஜீப்பின் தகரத்தில் விழுந்தன. பிறகு கொட்டியது.

ஒரே ஒரு நடை அடித்தோம். இரண்டாவது நடைக்குத் திரும்பியபோது களத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, அதில் எங்கள் வத்தல் சிவப்பாக மிதந்து போனது. அந்தப் பெண்கள் முறத்தால் அரித்து அரித்துப் பார்த்தார்கள். நான் அங்கேயே சகதியில் உட்கார்ந்துவிட்டேன். போன் இன்னும் அணைக்காமல் ஜீப்பில்தான் கிடந்தது. எட்டிக் காதில் வைத்தேன்.

"மழைச் சத்தம் நல்லாக் கேக்குது" என்றார்.

போனை அணைத்து இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தேன்.

சித்திரையில் விசாவைப் புதுப்பித்துக்கொண்டார். இன்னும் இரண்டு வருஷம். ஊரில் யார் கேட்டாலும் மழை கெடுத்துவிட்டது என்கிறேன். அவரும் தன் கூட்டாளிகளிடம் அப்படித்தான் சொல்கிறாராம். அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி என்னிடம் ஒரு நாள்கூட அவர் கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்கு இவ்வளவு வலிக்காது.