அம்பாசடருக்கு வைத்த துரு

முப்பது வருஷம் துருவைச் சுரண்டிப் பிழைத்தவன் நான். வளைகுடாவில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் டிங்கரிங்கும் பெயின்டிங்கும். கதவின் அடி ஓரத்தில் பெயின்ட் லேசாக உப்பியிருந்தால் போதும், உள்ளே எவ்வளவு தூரம் அரித்திருக்கிறது என்று தட்டிப் பார்க்காமலே சொல்லிவிடுவேன். வலது கை நடுங்க ஆரம்பித்ததும் மரியாதையாக ஊருக்கு அனுப்பி வைத்தார்கள். திருவனந்தபுரத்து டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, இது நிற்காது, கொஞ்சம் மெதுவாகப் போகும், அவ்வளவுதான் என்றார். இடது கைக்கும் வருமா என்று கேட்டேன். வரும் என்றார். பொய் சொல்லாத மனிதர். எனக்குத்தான் அவரைக் கண்டால் ஆகாது.

வடசேரி வீட்டுக்கு வந்து நான் பிடித்துக்கொண்ட வேலை, புத்தம்புது பொம்மைக் கார்களைத் துருப்பிடித்தவையாக மாற்றுவது. சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். வாழ்நாளெல்லாம் மூடி மறைத்த ஒன்றை, பழைய பெயின்டர் ஒருவனே ஏமாந்துபோகும்படி ஒரே ஒரு முறை செய்து பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு வெறி.

எடுத்தது ஒரு சாண் நீளமுள்ள அம்பாசடர். இருந்த பெயின்டை உரித்து, முதலில் செங்கல் நிறம் அடித்தேன். அதன்மேல் தலைமுடிக்கு அடிக்கிற ஸ்பிரே. அதன்மேல் வெள்ளை. காய்ந்தபின் ஈரத் தூரிகையால் சீண்டினால் நடுவிலிருக்கும் ஸ்பிரே கரைந்து, வெள்ளை செதில் செதிலாகப் பெயர்ந்து அடி நிறம் தெரியும். அது பாதி வேலைதான். மீதிக்கு நிஜத் துரு வேண்டும். இனயம் கடற்கரையில் ஒதுக்கிப் போட்டிருந்த நங்கூரம் ஒன்றைச் சுரண்டி, பொடித்து, துணியில் சலித்து எடுத்து வந்தேன். அதை ஊசிமுனை அளவாகத் தொட்டு வைக்க வேண்டும். கண்ட இடத்தில் வைக்கக்கூடாது. தண்ணீர் தேங்கும் இடத்தில் துரு வரும். கடலோரத்தில் நிற்கிற வண்டிக்கு உப்புக்காற்று அடிக்கிற பக்கம் முதலில் வரும். மேலே வார்னிஷ் அடித்தால் பொடி கெட்டியாக ஒட்டும், ஆனால் நனைந்த மாதிரி கறுத்துவிடும். அதனால் அடிக்கவில்லை.

காலை மாத்திரை போட்டால் முக்கால் மணி நேரம் கை என் பேச்சைக் கேட்கும். மணிக்கட்டை ஒரு சின்ன மணல் பையின் மேல் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு புள்ளி. பிறகு இன்னொன்று. எட்டு மாதம் ஓடியது. முக்கால் மணி அரை மணியாகி, கால் மணியில் வந்து நின்றது. இதுதான் என்னால் செய்ய முடிகிற கடைசி வண்டி என்று எனக்குத் தெரியும். மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் அழுவாள், அதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. பின் கதவு மட்டும் பாக்கி இருந்தது.

அப்போதுதான் சரஸ்வதி பூஜை வந்தது. எங்கள் பக்கம் புத்தகத்தையும் ஆயுதத்தையும் பூஜைக்கு வைத்துவிட்டால் விஜயதசமி அன்று எடுக்கிறவரை தொடமாட்டார்கள். நான் மாத்திரை வாங்கப் போய்விட்டு வந்தால், சாமி படத்துக்கு முன்னால் என் தூரிகைகள், சுரண்டும் கத்தி, நடுவில் அம்பாசடர். வெள்ளை முழுக்கப் போயிருந்தது. துருப்பொடி போயிருந்தது. வண்டி முழுவதும் ஒரே செங்கல் நிறத்தில் மொழுக்கென்று நின்றது. பானெட்டில் சந்தனமும் குங்குமமும்.

நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. சொன்னதையெல்லாம் இங்கே எழுத மாட்டேன்.

“அழுக்கா இருந்துது. கழுவாம சாமிக்க முன்னால எப்பிடி வைக்க?” என்றாள் மனைவி. பிறகு, “ஒங்க கை சொகமாவட்டும்னுதான் வச்சேன்” என்றாள்.

எடுக்கப் போனேன். பூஜை எடுக்காமல் தொட்டால் கைக்குத்தான் கேடு என்று குறுக்கே நின்றாள். கைக்கு இன்னும் என்ன கேடு வர வேண்டும் என்று கத்தினேன். இருந்தும் தொடவில்லை. அவள் சொல்வதில் ஒருவேளை ஏதாவது இருந்துவிட்டால்? அந்த நிலைமைக்கு வந்திருந்தேன்.

விஜயதசமி காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, பின் கதவில் ஒரு புள்ளி வைத்துப் பார்த்தேன். தூரிகை கதவு முழுக்க இழுத்துக்கொண்டு போனது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். மறுபடியும் அதேதான். பிறகு வண்டியில் எங்கெங்கே உடைந்திருக்கிறது என்று தேட ஆரம்பித்தேன். அவளைத் திட்ட இன்னும் ஏதாவது வேண்டியிருந்தது. முன் கண்ணாடியில் தலைமுடி கனத்துக்குச் செம்புக் கம்பி எடுத்து இரண்டு வைப்பர் ஒட்டியிருந்தேன். இரண்டும் இருந்தன. கதவுப் பிடிகள் நாலும் இருந்தன. ஒட்டும்போது நானே ஏழெட்டுத் தடவை உடைத்தவை அவை.

எப்படிக் கழுவினாய் என்று கேட்டேன். பல் தேய்க்கிற பிரஷ்ஷால் ஒவ்வொரு இடுக்காகத் தேய்த்ததாகச் சொன்னாள். ஒன்றும் உடையவில்லையே என்றேன்.

“நீங்க பாடுபட்டு செஞ்ச சாதனம்லா. மெதுவாத்தான் தொட்டேன்” என்றாள்.

வண்டியை என் கையிலிருந்து வாங்கி, எப்படித் தொட்டாள் என்று வைப்பரின் நுனியில் விரல் வைத்துக் காட்டினாள். கம்பி அசையவில்லை, விரலும் அசையவில்லை. இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவளின் கையைப் பார்த்து எனக்குப் பொறாமை வந்தது.