கூன்வண்டுக்கு வைத்த விருந்து

நான் பட்டம் பெற்று ஸ்ரீரங்கம் திரும்பிய ஆண்டு, எங்கள் தோட்டத்து வாழைக் கிழங்குகளைக் கூன்வண்டு துளைத்துக்கொண்டிருந்தது. அண்ணன் டி.டி.டி. தூள் வாங்கி வந்துவிட்டார். எங்கள் வாய்க்கால் அடுத்த வீட்டு ராசாத்தி அக்காவின் முற்றத்தை ஒட்டி ஓடுவதை எண்ணி, ஒரு வாரம் பொறுக்கச் சொன்னேன். வண்டுகளை வாசனை காட்டி இழுக்க, தார் வெட்டிய வாழை மரங்களைப் பிளந்து தோட்டமெங்கும் கவிழ்த்து வைத்தேன்.

மறுநாள் காலை புரட்டினால், அடியில் வண்டுகள் மொய்த்தன. அவற்றை அழிக்கும் வழியை யோசிப்பதற்குள் அக்காவின் கோழிகள் வேலி தாண்டி வந்தன. பதறி விரட்டினேன்.

"விருந்தையும் வச்சுட்டு, சாப்பிட வந்தவங்கள வெரட்டுறீங்களே தம்பி!" என்று அக்கா சிரித்தார்.

கோழிகள் கொத்திய வேகத்தைப் பார்த்த அண்ணன், "நாளைக்கும் அனுப்பி வைங்கக்கா" என்றார். தூள் கடைக்கே திரும்பிப் போனது.

நஞ்சு அந்த முற்றத்துக்குப் போய்விடக் கூடாதே என்று மட்டும்தான் நான் கவலைப்பட்டேன். உதவி அங்கிருந்தே வரும் என்று எண்ணியதில்லை.