மடியில் இருந்த பண்ணைக்கீரை

எண்பதுகளின் நடுவில் ஓர் ஐப்பசி மாதம். எனக்குக் கல்யாணமாகி ஐந்து மாதம் ஆகியிருந்தது. நான் அருப்புக்கோட்டையில் பலசரக்குக் கடை வைத்திருந்த வீட்டில் பிறந்தவள். வாழ்க்கைப்பட்டதோ திருச்சுழிப் பக்கம் ஒரு கரிசல் கிராமத்தில், விவசாயக் குடும்பத்தில். பருப்பில் பத்து தினுசு சொல்வேனே தவிர, அது செடியில் காய்க்கிறதா கொடியில் காய்க்கிறதா என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பேன்.

அந்த வருஷம் நல்ல மழை. பருத்தியும் ஊடே உளுந்தும் போட்டிருந்தோம். பயிரோடு போட்டி போட்டுக்கொண்டு களையும் வளர்ந்து நின்றது. மானாவாரி நிலத்தை அங்கே காடு என்றுதான் சொல்வார்கள். களையெடுக்கப் பெண்கள் வந்தால் மாமியார்தான் காட்டுக்குப் போய்க் கூடவே நின்று பார்த்துக்கொள்வார். அன்று அவருக்குக் கால் சுளுக்கிவிட்டதால் என்னை அனுப்பினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. புதுப் பொறுப்பு அல்லவா!

பகல் முழுக்க ஒரு குறையும் இல்லை. அந்த ஈர மண் வாசனையும், டவுன்காரி என்று என்னை அவர்கள் செய்த கேலியும் இன்றும் நினைவில் இருக்கின்றன. சாயங்காலம் எல்லோரும் கிளம்பும்போதுதான் கவனித்தேன், ஒவ்வொருத்தர் மடியும் புடைத்துக்கொண்டிருந்தது. எங்கள் கடையில் வேலையாட்கள் வீட்டுக்குப் போகும்போது மடியையும் பையையும் உதறிக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். அப்பா வைத்திருந்த வழக்கம் அது. அந்தப் புத்தி சும்மா இருக்குமா? முன்னால் போன ஓர் அக்காவை நிறுத்தினேன். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர்.

"மடியில என்ன? உளுந்தா? அவுத்துக் காட்டு" என்றேன்.

விதைத்து ஒரு மாதம்கூட ஆகாத உளுந்தில் முற்றிக் காய்ந்த நெத்து ஏது என்கிற அறிவுகூட எனக்கு இல்லை.

"கீரைதான் தாயி" என்றார் அவர். நான் விடவில்லை. அத்தனை பேர் பார்க்க மடியை அவிழ்த்தார். பொலபொலவென்று பண்ணைக்கீரை கொட்டியது. யாரும் விதைக்காமல் களையோடு களையாக முளைக்கிற கீரை. அவர் அதைத் திரும்ப அள்ளவில்லை. வெறும் மடியை உதறிவிட்டு நடந்தார். மற்றவர்களும் அவர் பின்னால் போனார்கள்.

வீட்டுக்கு வந்து இதை நான் பெருமையாக வேறு சொன்னேன். மாமியார் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"களைக்குள்ள கெடக்குற கீரை எடுக்குறவளுக்குத்தேன். இந்த ஊர்ல யாரும் அதக் கேட்டதே இல்லையே. என்ன காரியம் பண்ணிட்டு வந்து நிக்கிற!"

மறுநாள் களையெடுக்க ஒருத்தர்கூட வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. மாமனார் காட்டுக்கும் வீட்டுக்குமாக நடந்துகொண்டிருந்தார். அந்த மழையில் நாலு நாள் விட்டால் பருத்தியைக் களை மூடிவிடும். வருஷம் முழுக்க அந்தப் பருத்தியை நம்பித்தான் குடும்பமே இருந்தது. என்னால் வந்த வினை, நானே போகிறேன் என்று மூன்றாம் நாள் காலையில் அந்த அக்கா வீட்டுக்குப் போனேன்.

அவர் அடுப்படியில் இருந்தார். "வாங்க" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் சட்டியின் மூடியை எடுத்தார்.

"மடியப் பாத்தீக. சட்டியையும் பாத்துட்டுப் போங்க. இது ஓடைக்கரையில பறிச்சது. யாரு காடும் இல்ல."

நின்ற இடத்திலேயே அழுதுவிட்டேன். "தெரியாமப் பண்ணிட்டேன்க்கா" என்பதைத் தவிர வேறெதுவும் வரவில்லை.

"அன்னைக்குப் பிள்ளைகளுக்கு வெஞ்சனமே இல்ல தாயி. வெறுஞ்சோத்த முழுங்கிட்டுப் படுத்துச்சுக" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

பிறகு ஓர் அலுமினியத் தட்டில் சோளச்சோறு போட்டுக் கீரையை ஊற்றி என் முன்னால் வைத்தார். சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் துளி புளியும் போட்டு வேகவைத்து, மத்தால் கடைந்தது, அவ்வளவுதான். பருப்பு மூட்டைகளுக்கு நடுவில் வளர்ந்த எனக்கு, பருப்பே போடாத கீரை இவ்வளவு ருசிக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

மறுநாள் எல்லோரும் வேலைக்கு வந்தார்கள். அந்த அக்காவும் வந்தார், என்னோடு சிரித்துப் பேசினார். ஆனால் களையெடுப்பு முடிகிறவரை எங்கள் காட்டில் அவர் ஒரு கொத்துக் கீரைகூட எடுக்கவில்லை. மற்றவர்கள் மடி நிறையக் கட்டிக்கொண்டு போவார்கள். அவர் பிடுங்கிய கீரையை வரப்பிலேயே போட்டுவிட்டுப் போவார். நானே அள்ளிக் கொடுத்தபோதும் "இருக்கட்டும் தாயி" என்று சொல்லிவிட்டார்.

இப்போது மதுரையில் இருக்கிறோம். தெருவுக்கு வரும் கீரைக்காரம்மாவிடம் பண்ணைக்கீரை கிடைப்பதில்லை. அந்த ருசிக்கு நாக்கு இன்னும் ஏங்கத்தான் செய்கிறது. பக்கத்து வீடுகளில் எல்லோரும் கட்டைப் பிரித்துக் காட்டச் சொல்லித்தான் கீரை வாங்குகிறார்கள். எனக்கு அதற்கு வாய் வருவதே இல்லை. உள்ளே பாதி அழுகியிருந்தாலும் சரி என்று, கொடுத்த கட்டை அப்படியே வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறேன்.