கொக்கு கப்பு வாங்கட்டும்

நெடியவன் கொக்கு அணியை விட்டுப் போன வெள்ளிக்கிழமை, யாங்கோனில் ஒரு கல்யாணம் நின்றுபோனது. நெடியவனுக்கு அந்தக் கல்யாணத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவன் அமெரிக்காவில் கூடைப்பந்து ஆடுகிறவன், ஏழடி உயரம். அன்று காலை அவனை வேறொரு அணிக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். கல்யாணம் நிச்சயமாகியிருந்ததா என்றால் அதுவும் இல்லை. இருந்தாலும் நின்றுபோனது. செய்தியைக் கேட்டதும், நகரத்து ஓடைக்கு அக்கரையில், தாகேதா தேநீர்க் கடையில் பாலா தன் முன்னால் இருந்த தேநீரைத் தொடாமல் எழுந்து போனதை எல்லோரும் பார்த்தார்கள். "முடிஞ்சுபோச்சு" என்று பீர் முகைதீன் அந்தத் தேநீரை எடுத்துக் குடித்தார்.

கழுத்தை நீட்டியிருக்க வேண்டியவர் என் சின்னம்மா ராதாமணி.

சின்னம்மாவுக்கு ஓடைக்கு இக்கரையில், லத்தாவில் பொத்தான் கடை. கண்ணாடி போட்ட மேசை, சுவர் முழுக்கத் தகர டப்பாக்கள், நூல், ஊசி, ஜிப்பு, கொக்கி. பின்பக்கம் ஒரு காஜா மெஷின். சட்டைக்காரர்கள் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து காஜா போட்டுப் போவார்கள். அந்த மெஷின் மாதம் தவறாமல் கெட்டுப்போகும். சரிசெய்ய வருகிறவர் பாலா, தையல் மெஷின் மெக்கானிக். இரண்டு தெரு தள்ளி அவருடைய பட்டறை. இவ்வளவு நல்ல மெக்கானிக் தொட்ட மெஷின் இவ்வளவு அடிக்கடி எப்படிக் கெடுகிறது என்று தெருவில் யாரும் கேட்டதில்லை. கடையில் வேலை செய்யும் கரீமா மட்டும், "மெஷினுக்கு அவரு கை வாசனை பிடிச்சுப்போச்சுக்கா" என்பாள். சின்னம்மா அவள் தலையில் நூல்கண்டை எறிவார்.

சின்னம்மாவின் அப்பா தமிழ், அம்மா பர்மியர். காளி கோயிலுக்கும் பகோடாவுக்கும் ஒரே பூக்காரியிடம் பூ வாங்கி, இரண்டுக்கும் சேர்த்துப் பேரம் பேசுவார். எண்ணுவது பர்மியத்தில், திட்டுவது தமிழில். வாக்குவாதத்தில் அவர் தோற்று யாரும் பார்த்ததில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் தோற்றுத் திரும்பியதைப் பார்த்திருக்கிறோம். மௌலமியைனிலிருந்து வந்த ஒருவர் தன் நகைச்சுவைக்குத் தானே முதலில் சிரித்தார் என்பதால் வேண்டாம். இன்னொருவர் பொத்தானை "சில்லறைச் சாமான்" என்று சொல்லிவிட்டார். அவருக்குத் தேநீர்கூடக் கிடைக்கவில்லை.

பாலா அப்படி எதுவும் சொல்லாதவர். பொய் வராது, அவசரம் வராது, கேட்க வேண்டியதைக் கேட்கவும் வராது. அதனால் ஏழு வருடங்களுக்கு முன் அவருக்காக பீர் முகைதீன் கேட்டார். பீர் முகைதீனுக்குப் பொத்தான் கடைக்கு எதிர்வரிசையில் குடைக்கடை, வீடு தாகேதாவில் பாலா வீட்டுப் பக்கம். கேட்டது, தெருவே பொத்தான் கடை வாசலில் நின்று கொக்கு அணியின் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில்.

"ஏம்மா ராதா, நம்ம பாலாகிட்ட என்ன கொறை?"

"கொறை ஒண்ணுமில்ல பாய்."

"அப்ப ஆவட்டுமா?"

இத்தனை பேர் முன்னால் மடக்கினால் சின்னம்மா மடங்குகிற ஆளா? தொலைக்காட்சியைக் கையால் காட்டினார். "அவரோட கொக்கு கப்பு வாங்கட்டும். மறுநாளே மாலை மாத்திக்கிறேன்."

அந்த அணியின் முழுப் பெயர் யாங்கோனில் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. சட்டை நெஞ்சில் கொக்குப் படம், ஆகவே கொக்கு. நெடியவன் அந்த வருடம்தான் வந்திருந்தான். அணி மேலே ஏறிக்கொண்டிருந்தது. எனவே சின்னம்மா சொன்னது மறுப்பு இல்லை. தேதி போடாத சம்மதம் என்றுதான் தெரு எடுத்துக்கொண்டது. அதன்பிறகு கொக்கு ஒவ்வொரு வருடமும் கரைக்கு அருகே வந்து வழுக்கியது. சின்னம்மா சொன்னதைத் திரும்பப் பெற மாட்டார். "வாக்குன்னா வாக்குதான்" என்று பாலா மறுபடி கேட்கமாட்டார். நாற்பதை நெருங்கும் இரண்டு மனிதர்களின் வாழ்க்கை, அவர்களைக் கேள்விப்பட்டே இராத ஒரு நெடிய பையனின் கையில் இருந்தது. அவனும் இப்போது போய்விட்டான்.

பல வருடம் ஊர் ஊராகத் திரிந்துவிட்டு நான் திரும்பி வந்தது அந்த வாரத்தில்தான். பெட்டியைக் கீழே வைப்பதற்குள் பீர் முகைதீன், "வந்துட்டியா ஊர்சுத்தி? உலகமெல்லாம் பாத்தியே, ரீபவுண்டு பந்து எடுக்க நெட்டையா ஒரு ஆளைக் கூட்டிட்டு வந்திருக்கக் கூடாதா?" என்றார்.

ஆட்டம் பார்க்கும் முறையை எனக்குக் கரீமாதான் விளக்கினாள். நகரத்தில் மின்சாரம் முறைவைத்து வருகிறது. ஆட்டம் தொடங்கும் காலையில் தாகேதாவுக்கு முறை. பாதி ஆட்டத்தில் அங்கே போய்விடும், லத்தாவுக்குக் கடைசிக் கால்பகுதிக்குத்தான் வரும். எனவே தாகேதா ரசிகர்கள் முதல் பாதியைத் தேநீர்க் கடையில் பார்த்துவிட்டு, பஸ் ஏறி, பசுண்டாங் ஓடைப் பாலத்தைக் கடந்து, நான்காம் கால்பகுதிக்குப் பொத்தான் கடைக்கு வந்து சேர்வார்கள். மூன்றாம் கால்பகுதி பஸ்ஸில் போய்விடும். கைப்பேசியில் பார்க்கலாமே என்று கேட்டேன். பார்க்கலாம்தான். பாலம் ஏறும்போது படம் உறைந்துவிடும். பந்தோடு எம்பிய ஆட்டக்காரன் ஓடை முழுக்க அந்தரத்திலேயே நிற்பான்.

கொக்கு முதல் பாதியில் நன்றாக ஆடும். கடைசியில் தோற்கும். நடுவில் என்ன நடக்கிறது என்று கண்ணால் கண்டவர் எங்கள் தெருவில் எவருமில்லை. நாம் பார்க்காததால்தான் அவர்கள் அந்த நேரத்தில் சோம்பேறியாகிறார்கள் என்பது பீர் முகைதீனின் கருத்து.

சண்டை இதில்தான். தாகேதா ஆட்கள் பார்ப்பது பாதிக்குமேல் வெற்றி. சின்னம்மா பார்ப்பது கடைசிக் கால்பகுதி மட்டும், அதாவது வெறும் தோல்வி. ஒரே அணியைப் பற்றி அவர்கள் பேசுவதைக் கேட்டால் இரண்டு அணி என்றே தோன்றும்.

மேசைக் கண்ணாடியின்மேல் ஆட்டக்காரர்கள் பொத்தான்களாக நிற்பார்கள். நெடியவன் கறுப்புக் கோட்டுப் பொத்தான். அவன் போன அன்று பாலாவே வந்து அதை எடுத்து, துடைத்து, டப்பாவில் போட்டார். சின்னம்மாவுக்குப் பிடித்தது நசுங்கிய பித்தளைப் பொத்தான் ஒன்று. அது கிழவன், முப்பத்தொன்பது வயது ஆட்டக்காரன். தாகேதாவில் பார்க்கும்போது தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பெஞ்சில் இருப்பான். லத்தாவில் பார்க்கும்போது மைதானத்தில் இறங்கி மளமளவென்று கூடைகள் போடுவான்.

"முதல் அஞ்சு பேர்ல கிழவனை எறக்கணும்" என்பார் சின்னம்மா.

"மா ராதா, தோத்துப்போன ஆட்டத்துலதான் அவனை எறக்குறாங்க" என்பார் பாலா, பர்மிய மரியாதைக்கு ஒரு 'மா' சேர்த்து, மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே. "எதிராளி அசந்து நிப்பான். இவன் போடுவான். அது கணக்கில்ல."

"நான் பாக்கும்போதெல்லாம் போடுறான் கோ பாலா. நீங்க பாக்கும்போது ஒக்காந்திருக்கான். தப்பு அவன் மேலயா, உங்க மேலயா?" என்று சின்னம்மாவும் பதில் மரியாதைக்கு ஒரு 'கோ' சேர்த்துக் கேட்பார்.

"இந்த ஸயாவுக்கு அறிவில்ல" என்று பயிற்சியாளரைத் திட்டி பீர் முகைதீன் சமாதானம் செய்வார். இல்லாதவரைத் திட்டுவதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை.

இன்னொரு வழக்கமும் உண்டு. நடு ஆட்டத்தில் மின்சாரம் போய்விட்டால், மீதி ஆட்டத்தை அவர்களே பொத்தான்களால் ஆடி முடிப்பார்கள். ஒருவர் நகர்த்திச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் ஒத்துக்கொண்டால் கூடை, மறுத்தால் இல்லை.

பர்மியப் புத்தாண்டின் தண்ணீர்த் திருவிழாவுக்கு முந்தைய வாரம், பருவத்தின் கடைசி ஆட்டம். ஜெயித்தால் கொக்குக்கு அடுத்த சுற்றில் ஒட்டிக்கொள்ள ஓர் இடம் உண்டு. தோற்றால் வீட்டுக்கு. தாகேதா பஸ் வந்து இறங்கும்போது கொக்கு பதினோரு புள்ளி பின்தங்கியிருந்தது. கிழவன் துண்டை எடுத்துவிட்டு எழுந்தான். அந்த நேரம் பார்த்து விசிறி நின்றது, திரை இருண்டது, தெரு மொத்தமும் உச்சுக்கொட்டியது. இணையமும் இல்லை.

"யாரு நகத்துறது?" என்றார் பீர் முகைதீன்.

சின்னம்மா பொத்தான்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். எப்போதும் மறுப்புச் சொல்வது மட்டுமே அவர் வேலை. நகர்த்தி நாங்கள் பார்த்ததில்லை.

"கிழவன் பந்தைப் பறிக்கிறான்" என்றார். பித்தளைப் பொத்தான் ஓடியது. "தூரத்துலேர்ந்து போடுறான். மூணு."

"ஒத்துக்கிட்டேன்" என்றாள் கரீமா.

"மறுபடியும் மூணு."

"ஏ யப்பா!"

"எதிராளி ஒண்ணு போட்டான். போட்டுட்டுப் போறான். இப்ப நம்ம பையன் கிழவனுக்குத் தர்றான், கிழவன் திருப்பித் தர்றான்." வியர்வை மூக்கு நுனியில் நின்றது, துடைக்கவில்லை. கொக்கு ஒரு புள்ளியில் ஜெயித்தது. கடை கைதட்டியது. பீர் முகைதீன் தன் கடைக் குடை ஒன்றை விரித்தார்.

வழக்கப்படி ஆட்டம் அதோடு முடிய வேண்டும். சின்னம்மா பொத்தான்களை மறுபடி வரிசைப்படுத்தினார்.

"அடுத்த சுற்று" என்றார்.

"இன்னும் அது வரலியேம்மா" என்றார் பீர் முகைதீன்.

"வந்துருச்சு பாய். கொக்கு ஜெயிச்சாச்சு. அதுக்கடுத்த சுற்று. கிழவன் முழு ஆட்டமும் நிக்கிறான். ஜெயிச்சாச்சு." பொத்தான்கள் கண்ணாடியில் கடகடவென்று உருண்டன. ஒத்துக்கிட்டேன் என்று சொல்லக்கூட யாருக்கும் இடம் கிடைக்கவில்லை. "இது கடைசி ஆட்டம். சமமா இருக்கு. கிழவன் போடுறான்." தைக்கும்போது விரலில் மாட்டிக்கொள்ளும் உலோகத் தொப்பியைக் கழற்றி, பித்தளைப் பொத்தானுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். "கப்பு."

விரித்த குடையை பீர் முகைதீன் மெல்ல மடக்கினார். கரீமா இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். ஏழு வருடங்களுக்கு முன் வாசலில் நின்றவர்களில் பாதிப்பேர் அங்கே இருந்தார்கள். எல்லோரும் பாலாவைப் பார்த்தோம்.

பாலா பொத்தான்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு சந்தேகம் மா ராதா" என்றார். "ரெண்டாவது சுற்றுல கிழவனை முழு ஆட்டமும் நிக்க வெச்சீங்க. அது ஆவாது. முட்டி தாங்காது."

"தாங்கும்" என்றார் சின்னம்மா.

"தாங்காதுங்க. பெஞ்சுல ஒக்காந்து எந்திரிக்கும்போதே நான் பாத்திருக்கேன், எடது முட்டியப் பிடிச்சுக்கிட்டுத்தான் எந்திரிப்பான்."

"டேய் பாலா" என்றார் பீர் முகைதீன் அடிக்குரலில்.

"இல்ல பாய், நியாயம்னு ஒண்ணு இருக்குல்ல?"

கரீமா அவர் காலை மிதித்தாள். அவர் காலை நகர்த்திக்கொண்டு, "மன்னிச்சுக்கம்மா" என்று அவளிடமே சொன்னார்.

"கோ பாலா" என்றார் சின்னம்மா. நான் கேட்டிராத ஒரு பொறுமை அந்தக் குரலில் இருந்தது. "உங்களுக்குக் கப்பு வேணுமா, வேணாமா?"

"வேணும். ஆனா இப்படி இல்லாத ஆட்டம் ஆடி வேணாம். மனசு ஒப்பாதுங்க."

தெரு முனையிலிருந்து "மீ லா பீ!" என்ற கூச்சல் வந்தது. மின்சாரம் வந்துவிட்டால் இந்த நகரமே இப்படித்தான் கத்தும். விசிறி சுற்றியது. திரையில் ஆட்டம் முடிந்து எல்லோரும் கைகுலுக்கிக்கொண்டிருந்தார்கள். கொக்கு பத்தொன்பது புள்ளியில் தோற்றிருந்தது. ஒரு மூலையில் கிழவன் இடது முட்டியில் பனிக்கட்டிப் பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"பாத்தீங்களா, முட்டி!" என்றார் பாலா.

சின்னம்மா பொத்தான்களை ஒரே வாரலில் டப்பாவுக்குள் தள்ளினார். உலோகத் தொப்பியை விரலில் மாட்டிக்கொண்டார். "மெஷின் இப்ப நல்லா ஓடுது கோ பாலா" என்றார். "இனிமே மாசாமாசம் நீங்க வர வேணாம்."

அன்று மாலை தாகேதா பஸ்ஸில் பாலாவுக்குக் கிடைத்த ஏச்சை பீர் முகைதீன் எங்களுக்கு நடித்துக் காட்டினார். பாலம் வரும்வரை பாலா, "நான் தப்பா என்ன சொல்லிட்டேன்?" என்று கேட்டுக்கொண்டே வந்தாராம். பாலத்தின் நடுவில்தான் அவருக்கு விஷயம் உறைத்ததாம். இறங்கும் இடம் தாண்டிப் போனதும் தெரியவில்லையாம். மறுநாள் எண்ணெய்க் குப்பியோடு கடை வாசலுக்கு வந்தார். சின்னம்மா மெஷினை ஓட்டிக் காட்டினார். அது வெண்ணெய் போல ஓடியது. பாவம், போய்விட்டார்.

மழைக்காலம் முழுக்க அந்த மெஷின் ஒரு தடவைகூடக் கெடவில்லை. சின்னம்மா வியாபாரத்தில் மும்முரமாக இருந்தார். வாங்க வந்தவர்கள் எல்லோரோடும் சண்டை போட்டார். பித்தளைப் பொத்தானை ஒரு தையல்காரர் விலைக்குக் கேட்டபோது, "அது விக்கிறதில்ல" என்று டப்பாவை மூடினார். எனக்குக் கால் அரித்தது. பினாங்கில் ஒரு வேலை கிடைத்ததும் கிளம்பிவிட்டேன். வழியனுப்ப வந்த சின்னம்மா, "நீயாவது நின்ன எடத்துல நிக்காம ஓடிக்கிட்டிரு" என்றார்.

மழை விட்டு, அமெரிக்காவில் புதிய பருவம் தொடங்கிய வாரம், ஒரு காலையில் கரீமாவிடமிருந்து படம் ஒன்று வந்தது. சின்னம்மாவின் கைப்பேசியைத் திருட்டுத்தனமாகப் படம் பிடித்திருந்தாள். தாகேதாவிலிருந்து, பாதி ஆட்ட நேரத்தில் பாலா அனுப்பிய செய்தி:

"மா ராதா, கிழவனை முதல் அஞ்சு பேர்ல எறக்கிட்டாங்க. பாதி ஆட்டம் நான் கண்ணால பாத்துட்டேன். முட்டி தாங்குது. நான் சொன்னது தப்பு. அப்ப உங்க ரெண்டாவது சுற்று சரி. அது சரின்னா கடைசி ஆட்டமும் சரி. கப்பு நம்மளோடதுதான். பஸ் ஏறிட்டேன்."

அதற்குக் கீழே கரீமா எழுதியிருந்தாள்: "அக்கா இதை மூணு தடவை படிச்சிட்டு உள்ள போனாங்க. காஜா மெஷின் கெட்டுப்போச்சாம்."