ஓவன் பல்புக்காக ஏறி இறங்கிய கடைகள்

ஒரு பல்புக்காக ஒரு மனுஷி இத்தனை கடை ஏறி இறங்குவாளா என்று கேட்டால், ஏறினேன், இறங்கினேன், செருப்புத் தேய்ந்தது என்றுதான் சொல்லவேண்டும். வீட்டுக்குப் போடுகிற பல்ப் என்றால் கட்டுகஸ்தோட்டையில் மூலைக்கு மூலை கிடைக்கும். நான் தேடியது ஓவனுக்குள்ளே எரிகிற பல்ப். கட்டைவிரல் பருமன், அடியில் திருகிப் பூட்டுகிற சின்ன மரை, அவ்வளவுதான். பார்த்தால் சாதுவாக இருக்கும். ஆனால் என் உயிரை அது வாங்கியதுபோல் வேறெதுவும் வாங்கியதில்லை.

ஓவன் என்னுடையது அல்ல, எங்கள் வீட்டுக்காரருடையது. மாநகர சபையில் கிளார்க் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டோடு இருக்க ஆரம்பித்த முதல் இரண்டு மாதமும் நான் வெங்காயம் நறுக்குவதில் பிழை கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். பிறகு போனில் வீடியோ பார்த்துக் கேக் அடிக்கப் பழகினார். சும்மா சொல்லக்கூடாது, கை நன்றாகவே படிந்துவிட்டது. சீனி வருத்தக்காரர் என்பதால் ஒரு சின்னத் துண்டுக்கு மேல் அவர் வாயில் வைக்க நான் விடுவதில்லை. அதைப் பற்றி அவருக்குக் கவலையும் இல்லை. அவருக்கு வேண்டியது கேக் பொங்குவதைப் பார்ப்பது. ஒரு கதிரையை ஓவனுக்கு முன்னால் இழுத்துப் போட்டு, கண்ணாடிக்குள் பார்த்தபடி முக்கால் மணிநேரம் அசையாமல் இருப்பார். கதவைத் திறந்தால் கேக் அமிழ்ந்துவிடும், ஈர்க்கால் குத்தினால் ஓட்டை விழும், நேரம் பார்த்து எடுப்பவனுக்குக் கேக் அடிக்கத் தெரியாது, கண்ணால் பார்த்துத்தான் எடுக்கவேண்டும். இதுதான் அவருடைய சட்டம்.

இதெல்லாம் வீட்டோடு இருந்திருந்தால் பரவாயில்லை. கொழும்பில் வேலை பார்க்கிற எங்கள் ஒரே மகளுக்கு வத்தேகமவில் மாப்பிள்ளை பார்த்து, நாளும் குறித்தாயிற்று. வந்தவர்கள் கிளம்பும்போது கையில் ஒரு சின்னப் பெட்டியில் கேக் துண்டு கொடுப்பது இப்போது எங்கள் கல்யாணங்களிலும் வழக்கமாகிவிட்டது. அந்தக் கேக்கை எங்கே கொடுத்துச் செய்வது என்று மாப்பிள்ளை வீட்டில் பேச்சு வந்தபோது, இவர் நிமிர்ந்து உட்கார்ந்து, "கேக்கை நான் செய்றேங்க. எம் பிள்ளை கல்யாணத்துக்கு வெளியில எடுக்கமாட்டேன்" என்று சபையில் சொல்லிவிட்டார். நான் மேசைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன். மனுஷன் காலை இழுத்துக்கொண்டாரே தவிர வாக்கை இழுத்துக்கொள்ளவில்லை. சம்பந்தி அம்மாவுக்கு வாயெல்லாம் பல். அன்றைக்கே ஊரெல்லாம் தெரிந்துபோயிற்று, பெண்ணின் அப்பாதான் கேக் செய்கிறார் என்று.

கல்யாணத்துக்கு நாலு வாரம் இருக்கும்போதுதான் ஓவனுக்குள் வெளிச்சம் போதவில்லை என்று ஆரம்பித்தார். முதலில் கரண்டைக் குறை சொன்னார். பொழுது சாய்ந்தால் எங்கள் பக்கம் வோல்டேஜ் இறங்குவது உண்மைதான், மின்விசிறியே நடைபோடும். அதனால் நானும் நம்பினேன். அப்புறம் பட்டப்பகலிலும் மங்கல் என்றார். ஒரு நாள் நான் சந்தைக்குப் போய் வருவதற்குள் பல்பைக் கழற்றிப் பஞ்சில் சுற்றி, ஒரு தகர டப்பிக்குள் வைத்திருந்தார். எரியத்தான் செய்கிறதாம், ஆனால் மங்கலாம், பழசாகிவிட்டதாம். புதுசு வராமல் முட்டையில் கைவைக்கமாட்டாராம்.

நீங்களே போய் வாங்கி வாருங்களேன் என்றேன். பஸ்ஸில் சனம், முழங்கால் வலி என்று சாக்குச் சொன்னார். கொஞ்ச காலமாகவே டவுன் என்றால் அவருக்கு இப்படி ஒரு சாக்கு வந்துவிடும். சோம்பேறித்தனம் என்று முணுமுணுத்துக்கொண்டு டப்பியை எடுத்துக்கொண்டு நான்தான் கிளம்பினேன்.

கட்டுகஸ்தோட்டை ஹார்ட்வெயார் கடை முதலாளி டப்பியைத் திறந்து பார்த்துவிட்டு, இந்தக் காலத்தில் யார் இதையெல்லாம் விற்கிறார்கள், இப்போது எல்லாம் எல்இடி என்றார். எல்இடியை ஓவனுக்குள் போட்டால் உருகி ஒழுகாதா என்று கேட்டேன். உள்ளே போய் ஒரு பெட்டியைத் தேடி எடுத்து வந்தார். சாமித்தட்டில் எரிகிற சின்னச் சிவப்பு பல்ப். மரை சரியாக இருக்கிறதாம். அதை மேசையில் இருந்த ஹோல்டரில் போட்டு எரியவும் வைத்துக் காட்டினார். எங்கள் ஊரில் எந்தக் கடையிலும் புது பல்பை எரியவைத்துக் காட்டாமல் கையில் தரமாட்டார்கள், வாங்குகிறவர்களும் விடமாட்டார்கள். சிவப்பாக எரிந்தது. ஐயா, நான் கேக்குக்குப் பூசை செய்யப் போவதில்லை என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

கண்டி டவுனில் ஐந்து கடை. ஒருவர் மரை இல்லாத, பின் வைத்த பல்ப்தான் உண்டு என்றார். ஒருவர் பெரிய மரையைக் காட்டி, கொஞ்சம் அமுக்கித் திருகினால் போகும் என்றார். இன்னொருவர் வெளிச்சம் எதற்கு, டோர்ச் அடித்துப் பார்க்கலாமே என்று எனக்குப் புத்தி சொன்னார். ஐந்தாவது கடையில் ஒரு பல்ப் இருந்தது. அதே பருமன், அதே மரை, அதே வெள்ளைக் கண்ணாடி. ஹோல்டரில் பளீரென்று எரிந்தது. ஓவன் பல்ப்தானே என்று மூன்று தரம் கேட்டேன், மூன்று தரமும் தலையாட்டினார்கள். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் பஸ் முக்கால் மணிநேரம் நகராமல் நின்றபோதும் எனக்குக் கோபம் வரவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்து மாட்டினார். கதிரையில் உட்கார்ந்தார். கண்ணைச் சுருக்கினார். "இதுவும் மங்கல்தான்" என்றார்.

எனக்கு நன்றாகத்தான் எரிவதுபோல் இருந்தது. ஆனால் ஓவனுக்குள்ளே எப்படி எரியவேண்டும் என்று எனக்கென்ன தெரியும், அது அவருடைய இராச்சியம். அதுவும் இன்றைக்குக் கடையில் எந்தச் சாமான் ஒழுங்காக வருகிறது? எல்லாம் டூப்ளிகேட். கடைக்காரர்களை இருவரும் சேர்ந்து வாய்நிறையத் திட்டினோம். சரி, கல்யாணக் கேக்குக்கு முன்னால் ஒன்று அடித்துப் பார்ப்போம் என்று ஒரு தட்டு உள்ளே போனது. அரைமணி நேரம் ஆகியிருக்காது, உள்ளே பட்டென்று ஒரு சத்தம். நான் கேட்டது ஓவன் பல்ப், அவர்கள் தந்தது பிரிட்ஜ் பல்ப். குளிரில் எரியப் பிறந்தது சூட்டில் வெடித்துவிட்டது. பத்து முட்டைக் கேக் முழுக்கக் கண்ணாடித் தூள். நாய்க்கும் போடமுடியாது, குழி தோண்டிப் புதைத்தேன். புதைக்கும்போது அந்தக் கடைக்காரரின் தலையாட்டலை நினைத்து நினைத்துப் பற்களைக் கடித்தேன்.

ஓவன் விற்ற கம்பெனியின் சேர்விஸ் சென்டருக்கும் போனேன். அங்கே இருந்த பெண்பிள்ளை மொடல் நம்பர் கேட்டது. நம்பர் ஓவனின் முதுகில் இருக்கிறது, ஓவனோ சுவரோடு ஒட்டி இருக்கிறது. திரும்பி வந்து, அந்தப் பாரத்தைத் தனியாளாக இழுத்து, நம்பரை எழுதிக்கொண்டு மறுநாளும் போனேன். கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, இந்த மொடல் இப்போது வருவதில்லை, கொழும்புக்கு எழுதிப் போட்டால் ஒன்றரை மாதத்தில் சொல்வார்கள் என்றது. ஒன்றரை மாதத்தில் எங்கள் மகளின் தாலிப்பிரிப்பே முடிந்திருக்கும். இதை முதல் நாளே சொல்லித் தொலைத்திருக்கலாமே என்றேன். நம்பர் இல்லாமல் எப்படிச் சொல்வது என்று அந்தப் பிள்ளை சிரித்தது. நியாயம்தான். நியாயமாக இருந்ததுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

கல்யாணத்துக்கு இரண்டரை வாரம். பத்து நாளைக்கு முந்தியாவது கேக்கைச் செய்து வெட்டிச் சுற்றவேண்டும். அன்று பொறுக்கமுடியாமல், ஊரில் பேக்கரியா இல்லை, ஓடர் கொடுத்துவிட்டு ஆகவேண்டியதைப் பார்ப்போம் என்றேன். அவர் சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை. கைகள் இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு, அவ்வளவு பேருக்கு முன்னால் சொன்னேனே என்றார். அந்தக் குரலைக் கேட்டபின் பேக்கரிப் பேச்சை நான் எடுக்கவில்லை. மறுநாள் காலை டப்பியோடு மறுபடியும் கண்டிக்குப் போனேன்.

கடைத்தெருவின் பின்பக்கம் ஒரு சந்துக்குள், மிக்ஸியும் இஸ்திரிப்பெட்டியும் திருத்துகிற ஒரு முஸ்லிம் நானாவின் கடை இருக்கிறது. ஒரு கதவு அகலம்தான். என் கதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். டப்பியைத் திறந்தார், பல்பைத் துணியால் துடைத்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எல்லாரையும்போல அலுமாரிப் பக்கம் திரும்புவார் என்று நினைத்தேன். அவர் திரும்பவில்லை. அந்தப் பழைய பல்பையே ஹோல்டரில் திருகினார்.

பளிச்சென்று எரிந்தது. பட்டப்பகலில் என் கண்ணே கூசியது.

"இது நல்லா எரியுதே அக்கா," என்றார். "யார் மங்கல்னு சொன்ன?"

எங்க வீட்டுக்காரர் என்றேன். நானா என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, பல்பைக் கழற்றி மறுபடியும் பஞ்சில் சுற்றிக் கொடுத்தார்.

பஸ்ஸில் வரும்போது எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. ஆறு கடைக்காரர்கள் அந்தப் பல்பைக் கையில் வாங்கினார்கள், ஒருத்தருக்காவது அதை எரியவைத்துப் பார்க்கத் தோன்றியதா? அவர்களை விடுங்கள், எனக்குத் தோன்றியதா? புதுசை எரித்துப் பார்த்துத்தான் வாங்குவோம், பழசு போய்விட்டது என்றால் போய்விட்டதுதான். எல்லாவற்றுக்கும் மேலே அந்த மனுஷன்! நல்ல பல்பைக் கழற்றிக் கையில் கொடுத்து நாயாய்ப் பேயாய் அலையவிட்டாரே! வழிநெடுக என்னென்ன கேட்கவேண்டும் என்று ஒன்று விடாமல் மனதுக்குள் அடுக்கிக்கொண்டே வந்தேன்.

குசினிக்குள் போய் நானே பல்பை மாட்டினேன். ஓவனைப் போட்டேன். உள்ளே பகல்போல இருந்தது. அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, நன்றாகப் பாருங்கள் என்றேன். பார்த்தார். கொஞ்சம் பரவாயில்லை, ஆனாலும் மங்கல்தான் என்றார். பிடிவாதம் என்றுதான் அப்போதும் நினைத்தேன். அவரை அந்தப் பக்கம் திரும்பச் சொல்லிவிட்டு, கூடையில் ஊறுகாய்க்கு வாங்கிவைத்திருந்த தேசிக்காய் இரண்டை எடுத்துத் தட்டில் வைத்துக் கதவைச் சாத்தினேன்.

"உள்ள என்ன இருக்கு, சொல்லுங்க."

"கேக் தட்டு."

"தட்டுல?"

முகத்தைக் கண்ணாடிக்குக் கிட்டே கொண்டுபோனார், பிறகு கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பினார். அப்புறம் கைப்பிடியைத் தேடிக் கதவைத் திறக்கப் பார்த்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அடுக்கி வைத்திருந்த கேள்வி ஒன்றுகூட என் வாயில் வரவில்லை.

"பல்பாத்தான் இருக்கணும்னு நெனச்சேன்," என்றார்.

தீபாவளிக்கு முந்தியிலிருந்தே இப்படித்தானாம். எதற்கும் நடுவில் ஒரு புகை. பஸ் நம்பர் தெரியாததால்தான் டவுனுக்குப் போவதை நிறுத்தியிருக்கிறார். சொன்னால் மகள் கல்யாண நாளைத் தள்ளிவிடுவாள், எல்லாம் முடியட்டும் என்று இருந்திருக்கிறார். இதே வாயால்தானே போனில் அவள் கூறைச்சேலையைக் காட்டியபோது நிறம் நல்லா இருக்கு என்று சொன்னார்? என்ன நிறத்தைக் கண்டார்? நான்தான் என்ன கண்டேன், பக்கத்திலேயே இருந்துகொண்டு? பாழாய்ப்போன நான், சோம்பேறி என்றல்லவா அவரைத் திட்டினேன்.

"அவ முகம் தெரியுதா உங்களுக்கு?" என்று கேட்டேன்.

"கிட்ட வந்தா தெரியும்," என்றார்.

கேக் கதையை இங்கேயே முடித்துவிடுகிறேன். கேக்கை அவர்தான் அடித்தார். நான் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து, உள்ளே நடப்பதைச் சொன்னேன். மண்ணிறம் என்றால் எந்த மண்ணிறம் என்பார், நடுவில் பொங்கிவிட்டதா, ஓரம் தட்டை விட்டு விலகிவிட்டதா, எத்தனை நூல் அகலம் விலகியது என்பார். மூன்று நாளும் சண்டைதான், ஒரு தட்டு என்னால் கருகியும் போனது. பெட்டியெல்லாம் நிரம்பியது, சம்பந்தி வீட்டார் இரண்டாவது பெட்டி கேட்டார்கள். கண் டாக்டரோ, சீனி வருத்தம்தான் காரணம் என்றார், ஊசி போட்டார், இருப்பதைக் காப்பாற்றலாம், போனதில் கொஞ்சம் திரும்பலாம், முந்தியே வந்திருக்கவேண்டும் என்று என்னைப் பார்த்துத்தான் சொன்னார். தலையைக் குனிந்துகொண்டேன்.

ஆனால் அந்தத் தேசிக்காய் நாளில், மகளிடம் சொல்லவே கூடாது என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினார். சத்தியமாவது மண்ணாங்கட்டியாவது. அவர் குளிக்கப் போன நேரம் கொல்லைப்பக்கம் நின்று போன் போட்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மறுநாள் காலை முதல் பஸ்ஸிலேயே கொழும்பிலிருந்து வந்துவிட்டாள். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. நேரே குசினிக்குப் போய், அப்பாவுக்கு முன்னால் முழங்காலில் நின்று, தன் முகத்தை அவர் முகத்துக்குக் கிட்டே, மூச்சுப் படுகிற அளவுக்குக் கொண்டுபோனாள்.

"தெரியுதாப்பா?"

அவர் கண்ணை இப்படியும் அப்படியும் திருப்பி, வெகுநேரம் பார்த்தார்.

"என்னம்மா," என்றார், "இப்படி மெலிஞ்சு போயிட்ட."