புள்ளமடுவத்து ஆயாம்மாவின் காது

பலாபத்வலையிலிருந்து மேலே ஏறும் தேயிலைத் தோட்டத்துப் பாதையில், தொழிலாளர் குடியிருக்கும் கடைசி லயத்துக்கு முன்னால் இருக்கும் கட்டடத்தின் பலகையில் ‘சிறுவர் பராமரிப்பு நிலையம்’ என்று எழுதியிருக்கிறது. அந்தப் பெயர் யார் வாயிலும் நுழைவதில்லை. எல்லோருக்கும் அது புள்ளமடுவம்தான். கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் காலையில் கைக்குழந்தைகளை அங்கே விட்டுவிட்டுப் போவார்கள். பார்த்துக்கொள்கிறவள் செண்பகவள்ளி. ஐம்பதைத் தாண்டியவள், புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான், பிள்ளை கிடையாது. இளம் தாய்மாருக்கு அவள் ஆயாம்மா.

வாலிபத்தில் அவளுக்குத் தேயிலை அரைக்கும் ஸ்டோரில் ரோலர் மெஷின் பக்கத்தில் வேலை. அந்த இரைச்சல் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. மடுவத்துக்கு மாற்றியபோதே பாதி போயிருந்தது. மீதியும் போனதை அவள் ஒருவருக்கும் சொல்லவில்லை. சொன்னால் வேலை போய்விடும் என்று பயம். நியாயமான பயம்தான். காது கேட்காதவளை நம்பி யார் பிள்ளையைக் கொடுப்பார்கள்? நானும் கொடுக்கமாட்டேன்.

அதனால் ஒரு வழி கண்டுபிடித்தாள். உத்திரத்தில் தொங்கும் ஒவ்வொரு சேலைத் தொட்டிலிலும் ஒரு கயிற்றைக் கட்டி, எல்லாக் கயிறுகளையும் கொண்டுவந்து தன் கணுக்காலில் முடிந்துகொள்வாள். பிள்ளை அழுதால் உதைக்கும், உதைத்தால் கயிறு இழுக்கும், உடனே எழுந்து போய்விடுவாள். தொட்டில் ஆட்டத்தான் அந்தக் கயிறு என்று தாய்மார் நினைத்துக்கொண்டார்கள். “ஆயாம்மாவுக்குக் காலும் கைதான்” என்று கேலி பண்ணுவார்கள். அவள் அவர்கள் வாயைப் பார்த்துச் சிரிப்பாள். பின்னாலிருந்து கூப்பிட்டுத் திரும்பாதபோது மட்டும், தலைக்கனம் பிடித்தவள் என்று பேர் வாங்கினாள்.

போன மழைக்காலத்தில் தர்ஷிகாவின் பிள்ளைக்கு வயிற்றோட்டம். மத்தியானம் பால் கொடுக்க ஓடிவந்தவளுக்கு வாசலிலேயே அழுகை கேட்டது. அழுது அழுது தொண்டை கட்டிப்போன அழுகை. பிள்ளைக்கு உதைக்கத் தெம்பில்லை. செண்பகவள்ளியோ நாலடி தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு இன்னொரு பிள்ளைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

தர்ஷிகா பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, அவளுக்குப் பின்னால் நின்று கையைத் தட்டினாள். தவழ்ந்துகொண்டிருந்த பிள்ளைகள் எல்லாம் திரும்பின. செண்பகவள்ளி திரும்பவில்லை.

தர்ஷிகா முன்னால் வந்து நின்று கேட்டாள். “ஆயாம்மா, ஒங்களுக்குக் காது கேக்காதா?”

“கொஞ்சம் கம்மி.”

“கொஞ்சமா?” தர்ஷிகா தோளில் கிடந்த பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். “தொரகிட்ட சொல்லமாட்டேன். ஆனா ஆஸ்பத்திரியில போய்க் காட்டுங்க. அதுவரைக்கும் எங்க மாமி வந்து மடுவத்தப் பாத்துக்குவாங்க. காட்டாம எம்புள்ளைய மட்டுமில்ல, யாரு புள்ளையையும் தொடாதீங்க.”

பிள்ளை ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றித் தேறிவிட்டது. செண்பகவள்ளி மாத்தளைக்குப் போனாள், அங்கிருந்து கண்டிக்கு அனுப்பினார்கள். ஒரு சின்ன அறையில் உட்காரவைத்து, காதில் ஹெட்ஃபோனை மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். அவள் டக் டக்கென்று அமுக்கினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சோதனை பண்ணிய சிங்கள மிஸ்ஸின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை அசையும்போதெல்லாம் அமுக்கினாள். அத்தனை நாள் பிழைத்ததே அப்படித்தானே. மிஸ்ஸுக்கு விளங்கிவிட்டது. எழுந்து வந்து, நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டு, அவள் முகத்துக்கு நேரே குனிந்து, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள்.

“அம்மா, என்னப் பாக்க வேணாம்.”

சுவரைப் பார்த்தபடி அவள் காத்திருந்தாள். பட்டனை அமுக்குகிற மாதிரி ஒன்றும் வரவில்லை. அழுதுவிட்டாள்.

சத்தத்தைக் கூட்டிக் கொடுத்தால் கேட்கிற அளவுக்கு இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது என்றார்கள். காது மெஷின் கைக்கு வரும்வரை அலைந்த அலைச்சலை எழுதினால் அது தனிக் கதை. விடுவோம். முதலில் வீட்டில், அமைதியான இடத்தில், கொஞ்ச கொஞ்ச நேரம் போட்டுப் பழகச் சொன்னார்கள். அரிசி களைவது இவ்வளவு சத்தமான வேலை என்று அவளுக்கு மறந்தே போயிருந்தது. பீங்கான் தட்டின் மேல் கரண்டி பட்டால் தலைக்குள் இடித்தது. தன் குரலே யாரோ ஒருத்தி பேசுவது போல் இருந்தது. எத்தனையோ தரம் கழற்றி வீசப் பார்த்தாள். தர்ஷிகாவின் முகம் ஞாபகத்துக்கு வரும், திரும்ப மாட்டிக்கொள்வாள்.

பழகிவிட்டது என்று தோன்றிய பிறகுதான் மடுவத்துக்குத் திரும்பினாள். தர்ஷிகா பின்னால் நின்று மெதுவாகக் கூப்பிட்டுப் பார்த்தாள். செண்பகவள்ளி உடனே திரும்பினாள். தர்ஷிகா பிள்ளையைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

தன் மடுவத்துப் பிள்ளைகள் அவ்வளவாக அழாத பிள்ளைகள் என்று செண்பகவள்ளிக்கு ஒரு பெருமை உண்டு. அந்தப் பெருமை அன்றைக்கே போயிற்று. பிள்ளைகள் அழுதுகொண்டேதான் இருந்தன. உதைத்து அழுகிற பிள்ளை ஒன்று என்றால், உதைக்காமல் அழுகிற பிள்ளை இரண்டு. அரைத் தூக்கத்தில் சிணுங்குவது, தாயைத் தேடி முனகுவது, பசித்துப் பசித்து ஓய்ந்துபோய் இழுப்பது. கயிறு அவளுக்குச் சொன்னது கொஞ்சம்தான். மீதியை அந்தக் குழந்தைகள் யாருமில்லாமல் அழுது முடித்திருக்கின்றன.

ஒருநாள் அப்படி அசையாமல் முனகிய ஒரு குழந்தையைத் தூக்கியபோது, அதே தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் இலட்சுமியின் மகன் நினைவுக்கு வந்தான். சில வருஷங்களுக்கு முன்னால் அந்த மடுவத்துத் தொட்டிலில்தான் அவன் உயிர் போனது. காலை முழுக்கக் கயிறு அசையவில்லை. நல்ல தூக்கம் என்று விட்டுவிட்டாள். நெஞ்சில் சளி கட்டியது என்றார்கள் டாக்டர்கள். யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. இலட்சுமியே அவளைக் கட்டிப்பிடித்துத்தான் அழுதாள்.

அன்று சாயங்காலம் மடுவத்துச் சாவியைத் தர்ஷிகாவிடம் நீட்டினாள். “நா வேலைய விடப்போறேன்.”

“இப்பத்தானே ஆயாம்மா நல்லாக் கேக்குது!”

“கேட்டதுக்கப்புறந்தான் தெரியுது. இலட்சுமிகிட்ட ஒரு விஷயம் சொல்லணும். சொன்னா, நீயே எங்கிட்ட புள்ளையக் குடுக்கமாட்ட.” தர்ஷிகா சாவியை வாங்கிக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இலட்சுமி வீட்டு வாசலில் சாக்கை விரித்து மிளகு உதிர்த்துக்கொண்டிருந்தாள். செண்பகவள்ளி எதிரே உட்கார்ந்தாள். சுற்றி வளைத்துப் பேச அவளுக்குத் தெரியாது.

“ஒம்மகன் போன அன்னிக்கு எனக்குக் காது கேக்காது இலட்சுமி. அதுக்கு முந்தியே போயிருச்சு. அவன் அழுதானான்னு எனக்குத் தெரியாது. கயிறு ஆடல, நானும் திரும்பிப் பாக்கல.”

இலட்சுமியின் கை நின்றது. தலையை நிமிர்த்தவில்லை. இப்போது கத்துவாள், லயமே கூடிவிடும் என்று செண்பகவள்ளி காத்திருந்தாள். கை தானாகக் காதுக்குப் போனது. மெஷினைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டால் எந்த ஏச்சும் கேட்காது. கழற்றவில்லை.

இலட்சுமி குனிந்தபடியே பேசினாள். வாய் தெரியவில்லை, குரல் மட்டும் வந்தது.

“ரெண்டு நாளா அவன் பாலே குடிக்கலக்கா. காச்ச. ஒங்ககிட்ட சொல்லல. சொன்னா எடுத்துக்கமாட்டீங்க, எனக்குப் பேரு போயிரும்.” ஒரு நாள் சம்பளத்தைத் தோட்டத்தில் பேர் என்றுதான் சொல்வார்கள். “அன்னிக்குக் காலையில அவன் அழவேயில்ல. அழத் தெம்பில்லாத புள்ளையத்தான் துணியில சுத்தி ஒங்க கையில குடுத்தேன்.”

இதைப் பேசி ஒருத்தியின் பாரமும் குறையவில்லை. இரண்டு பேர் சுமந்தால் பாரம் குறையும் என்பதெல்லாம் சும்மா பேச்சு. செண்பகவள்ளியும் கையை நீட்டி மிளகு உதிர்க்கத் தொடங்கினாள்.

“எங்க வீட்டுக்காரருக்குக்கூட இது தெரியாது” என்றாள் இலட்சுமி. “கேட்டிச்சாக்கா? இல்ல, சத்தமாச் சொல்லணுமா?”

“கேட்டிச்சு. சத்தமாச் சொல்லாத. மத்தவங்களுக்கும் காது இருக்கு.”

மறுநாள் காலையில் மடுவத்தைத் திறந்தவள் செண்பகவள்ளிதான். வாசலில் நின்று, வந்த ஒவ்வொரு பிள்ளையின் நெற்றியையும் தொட்டுப் பார்த்துவிட்டு, அதன் தாயிடம் சொன்னாள்.

“காச்சன்னா ஒளிக்காதீங்க. நா வேணாம்னு சொல்லமாட்டேன். மடியிலயே வச்சிருப்பேன்.”

ஆயாம்மாவுக்குத் திடீரென்று என்ன வந்தது என்று தர்ஷிகாவுக்கும் மற்றவர்களுக்கும் விளங்கவில்லை. கொழுந்துக் கூடையோடு அந்தப் பக்கம் வந்த இலட்சுமி மட்டும், கடைசித் தாயிடம் அவள் சொல்லி முடிக்கும்வரை நின்று கேட்டுவிட்டு மலைக்கு ஏறினாள்.