மாதாவாக அழ வந்தவள்

பெரிய வெள்ளிக்கு பூம்ப்ளிஸ் என்ற ஊரின் மண்டபத்தில் புலம்பெயர்ந்த தமிழர் நாங்கள் போடும் திருப்பாடுகளின் நாடகத்தில் யேசுவாக நடிக்க ஆண்கள் நான் நீ என்று அடிபடுவார்கள். மாதாவுக்குத்தான் ஆளில்லை. எங்கள் பெண்கள் அழமாட்டார்கள். அழுதால் முகப்பூச்சு கலைந்து, வீடியோவில் வடிவாக இராதாம். ஒப்பாரியைத் திரைக்குப் பின்னால் நின்று நான் பாடிவிடுவேன். முன்னால் இருந்து அழ ஒரு முகம் வேண்டும்.

துன் என்ற ஊரில் முதியோர் இல்லத்தில் என்னோடு வேலை செய்யும் பிலிப்பினோ மனுசியைக் கேட்டேன். இளமையில் அவள் மணிலாவில் சினிமா நடிகை. உடுப்புக் குறைந்த படங்கள் நிறைய, நல்ல குடும்பப் படங்கள் கொஞ்சம் என்று அவளே மறைக்காமல் சொல்லியிருக்கிறாள்.

"சாகிறதுக்கு முன்னம் ஒருக்கா முழு உடுப்போட நடிக்கவேணும்," என்று ஜெர்மனில் சொன்னாள். ஒத்திகைக்கு ஒருநாளும் அவள் பிந்தவில்லை. கடைசி ஒத்திகையில் அவள் அழுததைக் கண்டு சிலுவையில் நின்றவனே வசனத்தை மறந்தான்.

அது எங்கள் சபைத் தலைவருக்குப் பொறுக்கவில்லை. மைக்கை எடுத்தார்.

"இவ ஆரெண்டு தெரியுமோ? அந்தக் காலத்தில கொழும்புத் தியேட்டரில ஓடின கெட்ட படங்களில நடிச்சவ. முகத்தைப் பார்த்த உடனேயே எனக்கு விளங்கிட்டுது. இவவோ எங்கட மாதா?"

அவளுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் எல்லோரும் திரும்பிப் பார்த்ததும் தலையிலிருந்த நீலத் துணியைக் கழற்றத் தொடங்கினாள். எனக்கு வந்த கோபத்தில் மைக்கைப் பிடுங்கியிருப்பேன். தேவைப்படவில்லை. தவளை தன் வாயால்தானே கெடும்.

போர்ச்சேவகருக்கு அங்கி தைத்துக்கொண்டிருந்த தலைவரின் மனைவி ஊசியை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "இஞ்சேருங்கோ, கொழும்பில இருந்த காலம் முழுக்கச் சாமியாருக்குப் படிச்சனான் எண்டெல்லோ சொன்னனீங்கள்?"

"கூட்டாளியள் இழுத்துக்கொண்டு போனவங்கள். நான் பாதியில எழும்பி வந்திட்டன்," என்றார் தலைவர். மண்டபத்தில் பலருக்கு ஒரேயடியாக இருமல் வந்தது. அதற்குப் பிறகு மாதா யார் என்று ஒருவரும் கதைக்கவில்லை.

பெரிய வெள்ளியன்று மகனை மடியில் கிடத்தி அவள் அழ, முன்வரிசையில் தலைவர் மூக்கைச் சிந்தினார். முடிந்ததும் மேடைக்குப் பின்னால் வந்தார். அவளிடம் நேரே கேட்க வெட்கம்.

"இப்பிடி அழ எங்க பழகினவ எண்டு கேளுங்கோ, தங்கச்சி."

கேட்டேன். அவள் நீலத் துணியை மடித்துக்கொண்டே ஜெர்மனில் சொன்னாள்: "அந்தப் படங்களிலதான். ஒவ்வொண்டிலயும் கடைசியில அழுவன். அதுக்குள்ள எல்லாரும் எழும்பிப் போயிடுவினம்."

தலைவருக்கு ஜெர்மன் நன்றாகவே விளங்கும். இருந்தாலும் ஒரு சொல்லும் விடாமல் தமிழில் சொன்னேன்.